அலரும் அந்தஸ்தும்: ‘கொஸிப் கேர்ள்’ நாவல் பற்றிய ஒரு நோக்கு

இளையோருக்கென எழுதப்படும் நாவல்களை இலக்கிய விமர்சனத்தின் எல்லைக்குள் கொண்டுவந்து ஆராயும் வழக்கம் எம்மிடையே அருகியே காணப்படுகின்றது. அவற்றுள்ளும் பதின்பருவப் பெண்கள் விரும்பிப் படிக்கும் நூல்களெனின், ‘பொழுதுபோக்கு’ என்னும் ஒரு சொல்லோடு விடயம் முடிந்துவிடுகின்றது. ஒரு நூல் ஏன் விரும்பப்படுகின்றது என வினவாது அதனை ஒதுக்குவதும், விரும்பப்படுகின்றது என்ற ஒரே காரணத்துக்காக அதனை மெச்சுவதும் விமர்சகன் தன் கடமையிலிருந்து நழுவும் இருவேறு வழிகளாகும். இவ்விரண்டையும் தவிர்த்து, செல்வந்தர் குழாத்துப் பெண்களிடையே நிகழும் போட்டியைப் பொருளாகக் கொண்ட அமெரிக்க இளையோர் நாவலொன்றினை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செசிலி வொன் சீகேசர் என்பவர் எழுதிய ‘கொஸிப் கேர்ள்’ 2002 ஆம் ஆண்டில் வெளிவந்தது. ‘வம்புக்காரி’ என அத்தலைப்பினைத் தமிழில் கூறலாம். அதே பாத்திரங்களைக் கொண்டு மேலும் பல நாவல்கள் தொடர்ந்து வெளிவந்தன. 2007 முதல் 2012 வரை அக்கதை தொலைக்காட்சித் தொடராகவும் ஒளிபரப்பாயிற்று. இங்கு முதன்மையாக நோக்கப்படுவது முதல் நாவலேயாகும்.

1. எதற்காகப் போட்டி?

நியூ யோர்க் நகரின் மன்ஹற்றன் தீவிலே, சென்றல் பார்க்கின் கிழக்குப் புறமாக அமைந்த ‘அப்பர் ஈஸ்ற் சைட்’ பகுதியே நாவலின் களம். பரம்பரைச் செல்வர் பலர் வாழும் பகுதி அது. கொன்ஸ்ரன்ஸ் பிலார்ட் என்ற பெண்கள் பாடசாலையிற் பயிலும் பிளெயர் வோல்டோர்ஃப், செரீனா வான் டெர் வூட்சன் ஆகிய இருவரும் சிறுவயதுத் தோழியர். செரீனா வெளியூரிலுள்ள விடுதிப் பாடசாலையொன்றுக்குச் சென்றிருந்த காலத்தில், பிளெயர் தன் குழாத்தின் தலைவியாகிவிடுகின்றாள். அப்பாடசாலையிலிருந்து நீக்கப்பட்ட செரீனா எதிர்பாராத வகையில் திரும்பி வருவதோடு கதை தொடங்குகின்றது. பிளெயரின் காதலனான நேற் ஆர்ச்சிபோல்ட் முன்னொரு கோடை காலத்தில் செரீனாவோடு உறவு கொண்டவன். பிளெயர் அதனை அறியாள். இவ்விரகசியம் வெளிப்படுவதும், செரீனா படிப்படியாகத் தன் குழாத்தினரால் ஒதுக்கப்படுவதும் நாவலின் கதையோட்டமாக அமைகின்றன.

இப்பெண்கள் எதற்காகப் போட்டியிடுகின்றனர் என்பதே நாம் முதலில் வினவவேண்டியது. உணவுக்கோ உடைக்கோ உறைவிடத்துக்கோ அவர்களுக்குக் குறைவில்லை. கல்விக்கும் தொழிலுக்கும் உரிய வாயில்கள் பிறக்கும்போதே அவர்களுக்குப் பாதி திறந்துள்ளன. எல்லோரிடமும் பணம் உள்ள ஓரிடத்தில் பணம் எவரையும் உயர்த்திக் காட்டுவதில்லை. அங்கு அரிதாக எஞ்சியிருப்பது ஒன்றே. அது பிறர் பார்வையில் ஒருவர் பெறும் இடம். தோர்ஸ்ரைன் வெப்லன் 1899 இல் வெளியிட்ட ஓய்வு வர்க்கம் பற்றிய நூலில், செல்வத்தைச் சேர்ப்பது மாத்திரம் மதிப்பைத் தந்துவிடாது, அது பிறர் காணச் செலவிடப்படல் வேண்டும் என விளக்கினார். சீகேசரின் பாத்திரங்கள் இவ்விளக்கத்தின் அடுத்த படியில் நிற்கின்றனர். அவர்கள் உடைகளையும் பாதணிகளையும் மட்டுமன்றித் தம்மையே காட்சிப் பொருளாக்குகின்றனர். உடைகளும் கைப்பைகளும் அவற்றின் வணிகப் பெயராலேயே பக்கந்தோறும் சுட்டப்படுவது தற்செயலானதன்று. அவ்வுலகில் ஒரு பொருளின் பெயரே அதன் பயனாகின்றது.

பிளெயரின் பகைமைக்கு ஆசிரியை தரும் காரணம் கருதற்பாலது. அவளுடைய தந்தை வேறோர் ஆணோடு வாழ்வதற்காகக் குடும்பத்தை விட்டுச் சென்றுவிட்டார். தாய், சைரஸ் ரோஸ் என்பவரோடு புதிய உறவொன்றைத் தொடங்கியுள்ளாள். தந்தை பயின்ற யேல் பல்கலைக்கழகமும், நேற்றோடு தான் கற்பனை செய்துவைத்துள்ள வாழ்வுமே அவள் பற்றிக்கொள்ளும் கொழுகொம்புகள். இந்நிலையில், தாய் வீட்டில் அளித்த விருந்துக்குச் செரீனா வந்து நுழைகின்றாள். அனைவரது கண்களும் ஒருங்கே அவள்பாற் திரும்புகின்றன. எந்த முயற்சியுமின்றிச் செரீனா பெறும் அக்கவனத்தைப் பெறுவதற்குப் பிளெயர் இடையறாது உழைக்கவேண்டியுள்ளது. இவ்வேறுபாட்டை நாவல் கூர்மையாகப் பதிவுசெய்கின்றது. பெண்கள் இயல்பாகவே பொறாமை கொண்டவர்கள் என்னும் பழைய கூற்றினை ஆசிரியை இங்கு நாடவில்லை. தன் வீட்டில் இடம் இழந்த ஒருத்தி வெளியில் தன் இடத்தைக் காக்க முனைவதையே அவர் காட்டுகின்றார். நாவலின் முதலாவது பலம் இதுவாகும்.

2. அலரின் குரல்

நாவலின் உருவம் இரு குரல்களால் ஆனது. ஒன்று படர்க்கையில் அமைந்த கதை கூறல். மற்றையது, பெயர் கூறாத ஒருத்தி தன் இணையப் பக்கத்தில் எழுதும் வம்புச் செய்திகள். அங்கு மனிதர் ஓர் எழுத்தாகச் சுருங்கிவிடுகின்றனர்: ‘பி’, ‘எஸ்’, ‘என்’. எவர் எங்கே யாரோடு காணப்பட்டார் என்ற தகவல்களைப் பிறர் எழுதி அனுப்புகின்றனர். அவள் அவற்றுக்குப் பதில் எழுதுகின்றாள். இவள் யார் என்பதனை நாவல்கள் இறுதிவரை வெளிப்படுத்துவதில்லை. தொலைக்காட்சித் தொடர் மட்டும் 2012 இல் தன் முடிவுரையில் ஒரு விடையை அளித்தது. நாவலின் மௌனமே பொருத்தமானது. ஒருத்தியின் பெயரைக் கூறிவிட்டால் குற்றம் அவளோடு முடிந்துவிடும். பெயரில்லாதவரை அக்குரல் அனைவரின் குரலாகவும் நிலைத்திருக்கும்.

தமிழ் அகப்பொருள் மரபிலே ‘அம்பல்’, ‘அலர்’ என இரு சொற்கள் உள்ளன. வாய்விட்டுச் சொல்லப்படாது முகிழ்த்து நிற்பது அம்பல். ஊரறிய விரிந்து பரவுவது அலர். திருக்குறளின் காமத்துப்பாலில் ‘அலரறிவுறுத்தல்’ என்னும் ஓர் அதிகாரமே உண்டு. அம்மரபில் அலர் துன்பந் தருவதாயினும் அதற்கு ஒரு பயன் உள்ளது. மறைவில் நிகழும் காதலை அது வெளிக்கொணர்ந்து, வரைவை நோக்கி உந்துகின்றது. ஊரார் வாய் தூற்றுவதே காதலுக்கு எருவாகின்றது. சீகேசரின் உலகில் அலருக்கு அத்தகைய முடிவிடம் இல்லை. செரீனா போதைப்பொருள் விற்றாள், பிரான்சிலே பிள்ளை பெற்றாள் என்றெல்லாம் பரவும் கதைகளால் எதுவும் நிறைவேறுவதில்லை. அவள் நீக்கப்பட்டதன் உண்மைக் காரணமோ மிகச் சாதாரணமானது: கோடை விடுமுறையைப் பிரான்சிற் கழித்தவள் உரிய நாளிற் பாடசாலைக்குத் திரும்பவில்லை. அவ்வுண்மையை அறிய எவரும் அவாவவில்லை. அலர் இங்கு தன்னையே உண்டு வளர்கின்றது.

இவ்வலர் எவரைச் சுடுகின்றது என்பதும் நோக்கற்பாலது. செயல் இருவருடையது, ஆனால் ஊர்வாயில் விழுபவள் செரீனா ஒருத்தியே. நேற் தன் தவற்றைப் பிளெயரிடம் ஒப்புக்கொண்டு அவளது சினத்துக்கு ஆளாகின்றான். எனினும் குழாத்தில் அவனுடைய இடம் அசைவதில்லை. அவனோடு பேசுவதை எவரும் நிறுத்துவதில்லை. பெண்களிடையேயான போட்டி எனத் தோன்றுவது, ஆணுக்கு விலக்களிக்கும் ஒரு நீதிமுறையின் கீழேயே நடைபெறுகின்றது. நாவல் இதனைக் காட்டுகின்றதேயன்றிப் பாத்திரங்களில் எவரையும் இது பற்றி வினவ விடுவதில்லை.

3. பழைய நியூ யோர்க்கும் புதிய நியூ யோர்க்கும்

இந்நாவலை எடித் வோட்டனின் ‘த ஏஜ் ஒவ் இனசன்ஸ்’ நாவலோடு ஒப்பிடுதல் பயன் தரும். 1920 இல் வெளிவந்து 1921 இல் புலிற்சர் பரிசு பெற்ற அந்நாவல், 1870 களின் நியூ யோர்க் மேட்டுக்குடியினரைச் சித்திரிப்பது. கணவனைப் பிரிந்து ஐரோப்பாவிலிருந்து திரும்பும் எலன் ஒலென்ஸ்கா, அவளுடைய உறவினளான மே வெலண்ட், இருவருக்குமிடையே நிற்கும் நியூலண்ட் ஆர்ச்சர் என்போரே அதன் முதன்மைப் பாத்திரங்கள். பழிச்சொல்லோடு திரும்பி வரும் ஒருத்தி, விதிகளுக்குள் நிற்கும் மற்றொருத்தி, உறுதியற்ற ஓர் ஆண் என்ற அமைப்பு இரு நாவல்களுக்கும் பொதுவானது. ஆர்ச்சர், ஆர்ச்சிபோல்ட் என்ற பெயர்களிடையேயான ஒலியொற்றுமையும் வோட்டனின் வான் டெர் லைடன் குடும்பத்தை நினைவூட்டும் வான் டெர் வூட்சன் என்ற பெயரும் இவ்வுறவைத் துலக்குகின்றன.

இரு நாவல்களிலும் அழைப்பிதழே ஆயுதமாகின்றது. வோட்டனின் நாவலில், எலனைச் சந்திப்பதற்கென அவளுடைய உறவினர் விருந்தொன்றுக்கு அழைப்பு விடுக்கின்றனர். ஏறத்தாழ அனைவரும் வர இயலாமைக்கு வருந்தி மறுமொழி அனுப்புகின்றனர். சீகேசரின் நாவலிலோ, சென்றல் பார்க்கில் வாழும் வல்லூறுகளின் நலனுக்கு நிதி திரட்டப் பிளெயரும் தோழியரும் நடத்தும் நடன விருந்துக்குச் செரீனா அழைக்கப்படுவதில்லை. பறவைகளுக்கு இரங்குவோர் தம் தோழிக்கு இரங்காமை ஆசிரியையின் அங்கதத்துக்கு நல்ல சான்று. அவ்வளவில் இருவரும் ஒரே வாயிலின் முன்னேதான் நிற்கின்றனர்.

வேறுபாடு, அவ்வாயில் மூடப்படுவதன் விலையைக் காட்டுவதிலேயே தோன்றுகின்றது. வோட்டன் 1862 இல் அவ்வர்க்கத்திலேயே பிறந்தவர். எனினும் அதன் மரியாதைகளை ஓர் இனக்குழுவின் சடங்குகளை ஆராய்பவர் போல எட்ட நின்று நோக்குகின்றார். அவருடைய நாவலின் இறுதிப் பகுதியில் எலனுக்கு மே அளிக்கும் பிரிவு விருந்து, இன்சொற்களோடு நிகழ்த்தப்படும் ஒரு நாடுகடத்தலாகும். தான் கருவுற்றிருப்பதை உறுதியாக அறியும் முன்னரே மே அதனை எலனிடம் கூறிவிட்டாள் என்பதும் பின்னர் புலனாகின்றது. ஒரு குரலும் உயரவில்லை. எனினும் மூவரின் வாழ்வும் அங்கே முடிவு செய்யப்பட்டுவிடுகின்றது. 1905 இல் வெளிவந்த ‘த ஹவுஸ் ஒவ் மேர்த்’ நாவலில் இவ்விலை இன்னும் கொடியது. பேர்தா டோர்செற் தன் குற்றத்தை மறைக்க லிலி பார்ட்டின் மீது பழி சுமத்துகின்றாள். லிலி எதிர்பார்த்திருந்த சொத்தின் பெரும்பகுதியை இழந்து, தொப்பி தைக்கும் நிலையத்தில் வேலை செய்து, ஈற்றில் அளவுக்கதிகமான உறக்க மருந்தால் இறக்கின்றாள்.

செரீனா எதனையும் இழப்பதில்லை. அவள் ஒதுக்கப்படும் நாட்களிலேயே புகைப்படக் கலைஞர் அவளைப் படமெடுக்கின்றனர். அப்படம் நகரப் பேரூந்துகளின் பக்கங்களை அலங்கரிக்கின்றது. குழாம் அவளைத் தள்ளினால் நகரம் அவளை ஏற்றுக்கொள்கின்றது. பதினேழு வயதினளுக்கு லிலியின் முடிவை நாம் வேண்டவில்லை. இளையோர் நாவல் துன்பியலாகத்தான் முடியவேண்டும் என்ற விதியும் இல்லை. ஆனால் இழப்பில்லாத போட்டி விளையாட்டாகிவிடும். வாசகர் அங்கே எவர் வெல்வார் எனக் கேட்பரேயன்றி, இப்போட்டி ஏன் நிகழ்கின்றது எனக் கேளார்.

4. ஜெனி என்னும் சிறுமி

விலை கொடுக்கும் ஒருத்தி நாவலில் இருக்கின்றாள். அவளை நாவலாசிரியை பூங்காவின் மேற்குப் புறத்திலிருந்து கொண்டுவருகின்றார். செரீனாவைத் தொலைவில் நின்று விரும்பும் டான் ஹம்ஃப்ரி என்ற இளங்கவிஞனின் தங்கை ஜெனி, கொன்ஸ்ரன்ஸ் பிலார்ட்டில் ஒன்பதாம் வகுப்பில் பயில்பவள். அவ்வுலகத்தை வியந்து அதனுள் நுழைய விரும்புபவள். நடன விருந்துக்குச் சென்ற அவளை, அக்குழாத்தைச் சேர்ந்த சக் பாஸ் என்பவன் தனியிடத்துக்கு இட்டுச் சென்று வன்முறைக்கு உட்படுத்த முனைகின்றான். டானும் செரீனாவும் அவளை மீட்கின்றனர்.

நாவலின் மையம் இதுவே என நான் கருதுகின்றேன். அதுவரை போட்டி என்பது சொற்களாலும் பார்வைகளாலும் நடைபெற்றது. இங்கே அவ்வுலகம் தன்னுள் நுழைய விரும்பும் வலிமை குறைந்த ஒருத்தியை எவ்வாறு நடத்தும் என்பது வெளிப்படுகின்றது. பிளெயருக்கும் செரீனாவுக்கும் இடையேயான பகைமையை மாதக்கணக்கிற் பேசும் அலர்வாய், சக் பாஸைக் குழாத்திலிருந்து தள்ளுவதில்லை. அழைப்பிதழ் மறுக்கப்படுவது செரீனாவுக்கே, அவனுக்கன்று. இதனினும் வலிமையான சமூக விமர்சனத்தைச் சீகேசர் வேறெங்கும் எழுதவில்லை. ஆயினும் தாம் எழுதியதன் கனத்தை உணராதவர் போல அவர் அதனைக் கடந்து செல்கின்றார். டானும் செரீனாவும் நெருங்குவதற்கு ஒரு வாய்ப்பாக அந்நிகழ்ச்சி பயன்பட்டு முடிகின்றது. ஜெனியின் அச்சமும் வெட்கமும் அவளுக்குரிய பக்கங்களைப் பெறவில்லை. தொலைக்காட்சித் தொடர் இன்னும் ஒரு படி சென்றது. தன் முதல் அத்தியாயத்தில் அதே குற்றத்தைச் செய்த சக்கைக் காலப்போக்கிற் காதல் நாயகனாக்கி, 2012 இல் பிளெயருக்கு மணமுடித்து வைத்தது.

நோக்குநிலை பற்றிய பிரச்சினை இங்கேதான் எழுகின்றது. இளையோர் நாவலின் தொடக்க காலத்து நூல்களுள் ஒன்றான எஸ். ஈ. ஹின்ரனின் ‘தி அவுட்சைடர்ஸ்’ (1967), செல்வர் வீட்டு இளைஞருக்கும் வறிய இளைஞருக்கும் இடையேயான பகைமையைக் கூறுவது. அதனைக் கூறுபவன் வறிய சிறுவன். ஆதலால் செல்வரின் துன்பத்தைக்கூட அவன் கண்டறிய வேண்டியிருந்தது. அக்கண்டறிதலே நாவலின் வளர்ச்சியாயிற்று. ‘கொஸிப் கேர்ள்’ நாவலில் நாம் கதவின் உட்புறத்தில் அமர்த்தப்படுகின்றோம். வம்புக்காரி எம்மைத் தன் கூட்டாளியாக விளித்துப் பேசுகின்றாள். வாயிற்காவலரும் வீட்டுப் பணியாளரும் சேவை செய்ய வருகின்றனரேயன்றி, அவர்கள் எதனைக் காண்கின்றனர் என நாம் அறிவதில்லை. மன்ஹற்றனில் வாழ்ந்து தனியார் பாடசாலையிற் பயிலும் டானே அங்கு ‘வறியவன்’ என்ற இடத்தை நிரப்பவேண்டியுள்ளது. ஜெனியின் கண்கொண்டு இக்கதை கூறப்பட்டிருப்பின், இதே நிகழ்ச்சிகள் பிறிதொரு நாவலாகியிருக்கும்.

5. பண்டமும் வாசகியும்

இக்குறைபாட்டை ஆசிரியையின் தனிப்பட்ட ஆற்றலோடு மட்டும் பொருத்திப் பார்ப்பது போதாது. நாவலைச் சமுதாய இயக்கத்தோடு இணைத்து நோக்கும் முறையைத் தமிழில் வலுப்படுத்திய பேராசிரியர் க. கைலாசபதியின் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ (1968) போன்ற நூல்களைப் பயின்ற எமக்கு, ஒரு நூல் எவ்வாறு உற்பத்தியாகின்றது என்ற வினா புதியதன்று. ‘கொஸிப் கேர்ள்’ அலோய் என்னும் நூல் தயாரிப்பு நிறுவனத்தில் உருவானது. இத்தகைய நிறுவனங்கள் இளையோர் சந்தைக்கு உகந்த கதைக்கருக்களை முன்கூட்டியே வகுத்து, எழுத்தாளரைக் கொண்டு எழுதுவித்து, பதிப்பகங்களுக்கு விற்பன. சீகேசர் அங்கு பணியாற்றியவர். பதிப்புரிமை நிறுவனத்துக்கே உரியது. தொடரின் பிற்பட்ட நூல்கள் சில வேறு கைகளால் எழுதப்பட்டன. அடுத்த நூல் விற்கவேண்டுமாயின் போட்டி தீரலாகாது. தோழியர் இணங்குவதும் பிரிவதும் மாறி மாறி நிகழ்ந்துகொண்டேயிருத்தல் வேண்டும். வோட்டனின் நாவலில் ஆர்ச்சர் இருபத்தாறு ஆண்டுகள் கழித்துத் தன் வாழ்வைத் திரும்பிப் பார்க்கின்றான். அத்தகைய திரும்பிப் பார்த்தலுக்குத் தொடர்நூல் வணிகம் இடமளிப்பதில்லை.

அமெரிக்க எழுத்தாளரான நயோமி வுல்ஃப் 2006 இல் ‘நியூ யோர்க் ரைம்ஸ்’ நூல் மதிப்புரைப் பகுதியில் இந்நாவலையும் இதனையொத்த தொடர்களையும் கண்டித்து எழுதினார். முன்னைய இளையோர் இலக்கியத்தில் நாயகி சமூகத்தின் போலி அளவுகோல்களை எதிர்த்து நின்றாள். இவற்றிலோ அவ்வளவுகோல்களே வெற்றி பெறுகின்றன என்பது அவரது வாதத்தின் சாரம். இதனுடன் நான் பெரிதும் உடன்படுகின்றேன். ஆயினும் அவ்வாதம் வாசகியைப் பற்றிய ஒரு வினாவை விடையின்றி விட்டுவிடுகின்றது. இந்நூலை வாசித்த பெண்களில் மிகப் பெரும்பாலானோர் செல்வந்தர் அல்லர். அவர்கள் கைப்பைகளின் பெயர்களுக்காக மட்டும் வாசித்தனர் எனக் கொள்வது அவர்களைக் குறைத்து மதிப்பிடுவதாகும்.

காரணம் கூறப்படாது ஒரு நாள் தோழியரால் ஒதுக்கப்படுவது, தான் அறியாத ஒன்று தன்னைப் பற்றிப் பேசப்படுகின்றது என உணர்வது, அருகிற் சென்று அமர்ந்ததும் பேச்சு நின்றுபோவது என்பன எந்தப் பாடசாலையிலும் நிகழக்கூடியவை. பெரியோர் இவற்றைச் சிறுபிள்ளைச் சண்டை என ஒதுக்குவர். பெரும்பாலான இலக்கியமும் அவ்வாறே ஒதுக்கிற்று. ‘கொஸிப் கேர்ள்’ அந்த நோவை ஒரு முழு நாவலுக்கு உரிய பொருளாக ஏற்றுக்கொண்டது. அதன் கவர்ச்சிக்கு இது முதன்மையான காரணம் எனலாம். அதே வேளை, அந்த நோவுக்கு மருந்தாக அது காட்டுவது ஒதுக்குவோரின் உலகத்துக்குள் ஓர் இருக்கையை மட்டுமே. ஒதுக்கப்பட்ட வாசகி, நூல் முடியும் வரை ஒதுக்குவோரோடு அமர்ந்து மகிழ்கின்றாள். நூலை மூடியதும் மீண்டும் வெளியே நிற்கின்றாள்.

எனவே இந்நாவலை நச்சிலக்கியம் என்ற முத்திரையோடு விலக்கிவிடுவதற்கில்லை. அங்கத இலக்கியம் என உயர்த்துவதற்கும் இல்லை. செல்வந்தர் குழாம் தன் எல்லைகளைக் காக்கப் பெண்களையே காவலராகவும் கைதிகளாகவும் ஆக்குவதை அது கண்டுள்ளது. கண்டதன் பயனை ஜெனியின் நிகழ்ச்சியில் ஒரு கணம் எட்டியும் உள்ளது. அக்கணத்தில் தங்கி நிற்கும் துணிவு அதற்கு வாய்க்கவில்லை. பெண்களிடையேயான போட்டியை எழுத முனையும் எந்த மொழியின் எழுத்தாளரும் இந்நாவலிலிருந்து கற்கவேண்டியது அவ்விடத்திலேயே உள்ளது: இருவர் மோதும்போது எவர் வென்றார் என்பதோடு நில்லாது, அம்மோதலில் இடையே சிக்கியவள் யார், அவளைப் பற்றி ஏன் எவரும் பேசவில்லை என்பதனையும் எழுதுதல் வேண்டும்.